கயிற்றைக் கழற்றினால் கை ஏன் நடுங்குகிறது? வீராங்கனைகளின் பதற்றமும் சகுனமும்

2025 அக்டோபர் 30ஆம் தேதி நவி மும்பையில் நடந்த மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியா 338 ரன் அடித்தது. அதைத் துரத்திப் பிடித்த இந்திய அணியில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன் எடுத்துக் கடைசி வரை அவுட் ஆகாமல் நின்றார். ஜெயித்தது பெரிய செய்திதான். ஆனால் நிறையப் பேரைக் குழப்பியது ஆட்டம் முடிந்து அவர் அழுதுகொண்டே பேசியது. அந்தத் தொடர் முழுக்கத் தனக்குக் கடுமையான பதற்றம் இருந்ததாகவும், கிட்டத்தட்ட தினமும் அழுததாகவும், ஆட்டத்துக்கு முன்னால் அம்மாவுக்கு போன் போட்டு அழுததாகவும் சொன்னார். உடம்பில் தெம்பு தீர்ந்த கடைசிக் கட்டத்தில் ஒரு பைபிள் வசனத்தைச் சொல்லிக்கொண்டே நின்றேன் என்றும் சொன்னார்.

நம்ம பக்கத்து டீக்கடையில் இதற்கு இரண்டு கேள்வி வந்தது. "இம்புட்டு நல்லா ஆடுத பிள்ளைக்கு என்னத்துக்குப் பயம்?" என்பது ஒன்று. "வசனம் சொன்னா ரன்னு வந்துருமாக்கும்?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலையில் ஓட வரும் பிள்ளைகளைப் பாருங்கள், அண்ணா விளையாட்டரங்கத்தில் வாலிபால் ஆடுகிறவர்களைப் பாருங்கள், கோயில் கொடைக்கு ஊர் ஊராக நடக்கும் மின்னொளி கபடிக்கு வேனில் வந்து இறங்கும் அணிகளைப் பாருங்கள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, ஷூவுக்குள் மடித்து வைத்த திருநீற்றுப் பொட்டலம், உவரி அந்தோணியார் படம், ஆத்தங்கரை பள்ளிவாசலில் ஓதிக் கட்டிய நூல், எப்போதும் போடுகிற அதே 7ஆம் நம்பர் ஜெர்ஸி என்று ஏதாவது ஒன்று இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதை மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். அப்படி முடியக்கூடிய விஷயம் இல்லை இது.

பயம் வேறு, பதற்றம் வேறு

தெருமுனையில் நாய் துரத்துகிறது, ஓடுகிறோம். அது பயம். நாளைக்கும் அந்தத் தெரு வழியாகத்தானே போகணும், நாய் நிற்குமோ என்று ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறோம். அது பதற்றம். பயத்துக்கு நாய் வேண்டும், பதற்றத்துக்கு நாயே வேண்டாம், 'நின்னுச்சுன்னா?' என்ற நினைப்பு ஒன்று போதும்.

இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் தொடை மாதிரியான பெரிய தசைகளுக்குப் போகிறது, அதனால் விரல் நுனி சில்லிட்டுப் போகிறது, குடலின் வேலை தடுமாறி வயிற்றைக் கலக்குகிறது, அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது. மூச்சு மேலோட்டமாகிறது. கபடியில் இந்தக் கடைசி விஷயம் நேரடியாக அடிக்கும். ரெய்டுக்கு 30 விநாடி, அந்த நேரம் முழுக்க மூச்சு விடாமல் பாட வேண்டும், நெஞ்சு மேலேயே நிற்கிற மூச்சை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பாட முடியும்?

இங்கே மைதானத்துக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாத இடத்தில் போட்டி என்றால் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். நம்ம ஊர் வெயில் தெரியும்தானே. உடம்பில் தண்ணீர் குறைந்தால் இதயம் கூடுதலாக அடிக்கும், தலை லேசாகச் சுற்றும். அந்தப் பிள்ளை அதைத் தன் பயம் என்றே எடுத்துக்கொள்ளும். 'ஐயோ, எனக்கு இப்பவே படபடன்னு வருதே' என்று நினைத்த உடனே உண்மையான பதற்றமும் வந்து சேர்ந்துகொள்ளும். பாதி கழிப்பறைப் பிரச்சினை, பாதி மனப் பிரச்சினை. ஆனால் பழி முழுக்க மனசுக்கு.

விளையாட்டு உளவியலில் பதற்றத்தைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவின் ரெய்னர் மார்ட்டென்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990இல் வெளியிட்ட கேள்வித்தாள் மூன்றைத் தனித்தனியாக அளக்கிறது:

1. மனப்பதற்றம். 'தோத்துட்டா என்ன சொல்வாங்க' என்ற ஓட்டம். இது போட்டிக்குப் பல நாள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

2. உடற்பதற்றம். கை நடுக்கம், வயிற்றுக் கலக்கம், வியர்வை. இது போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் உச்சிக்குப் போகும், விசில் அடித்து ஆட ஆரம்பித்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும்.

3. தன்னம்பிக்கை. இதைப் பதற்றத்தின் எதிர்ப்பக்கம் என்று நினைக்கிறோம். இல்லை, இது தனிக் கணக்கு. பதற்றமும் நிறைய இருக்கலாம், நம்மால் முடியும் என்ற எண்ணமும் கூடவே இருக்கலாம்.

டீக்கடையின் முதல் கேள்விக்கு இந்த மூன்றாவதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. நல்லா ஆடுவதும் பதற்றப்படுவதும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் இருக்க முடியும். கொஞ்சம் படபடப்பு ஆட்டத்துக்கு நல்லதும்கூட. எலிகளை வைத்து யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908இல் செய்த சோதனையிலிருந்து கிளைத்த கருத்து இது: தூண்டுதல் ரொம்பக் குறைந்தாலும் வேலை சொதப்பும், ரொம்பக் கூடினாலும் சொதப்பும். அந்த நடு அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் கோச்சுகளுக்குத் தலைவலி. ஒரு பிள்ளையைத் திட்டினால் எழும்பும், அதே திட்டில் இன்னொன்று உட்கார்ந்துவிடும்.

சகுனம் எங்கே முளைக்கிறது

மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் முதல் உலகப் போர் நடந்த காலத்தில் பசிபிக் கடலில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி அங்குள்ள மக்களைக் கவனித்தார். தீவை ஒட்டிய அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் எந்த மந்திரமும் செய்வதில்லை. அலையும் ஆபத்தும் உள்ள ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் மந்திரம், சடங்கு எல்லாம் வரிசையாக வரும். அதே ஆட்கள்தான், அதே அறிவுதான். கைக்குள் அடங்குகிற வேலைக்குத் திறமை போதும் என்று இருக்கிறார்கள், அடங்காத வேலைக்கு வேறு துணை தேடுகிறார்கள்.

நம்ம ஊரில் குளத்து மீனுக்கு வலை போடுகிறவர் எந்தச் சாமிக்கும் நேர்ச்சை வைப்பதாகத் தெரியவில்லை. உவரிக்கோ கூத்தங்குழிக்கோ போய்க் கடலுக்குக் கிளம்புகிற வள்ளத்தைப் பாருங்கள், சிலுவைக் குறி போடாமல் யாரும் ஏற மாட்டார்கள்.

ஜார்ஜ் க்மெல்ச் என்பவர் இதையே பேஸ்பாலில் பொருத்திப் பார்த்து 1971இல் எழுதினார். பந்து எறிபவருக்கும் அடிப்பவருக்கும் ஏகப்பட்ட சகுனங்கள். பந்தைப் பிடித்துத் தடுக்கிற ஃபீல்டிங் வேலைக்கு அனேகமாக ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அது நூற்றுக்கு 97 தடவைக்கு மேல் சரியாகவே நடந்துவிடும். கபடிக்கு வாருங்கள். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது, வலது காலை முதலில் வைப்பது, எதிரணியின் குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போவது எல்லாம் பெரும்பாலும் ரெய்டர் பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன். கையைக் கோத்துக்கொண்டு நிற்கிற டிஃபென்ஸ் பிள்ளைகளுக்கு இவ்வளவு இல்லை. தனியாக ஏழு பேர் மத்தியில் போகிறவளுக்குத்தான் துணை தேவைப்படுகிறது.

இன்னொன்று, பழக்கம் ஒட்டிக்கொள்ளும் விதம். 1948இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வருகிற மாதிரி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது, ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே அது பிடித்துக்கொண்டது என்பது ஸ்கின்னர் சொன்ன விளக்கம். போன வருஷம் டிவிஷனல் மேட்ச் ஜெயித்த அன்று போட்டிருந்த பச்சை ரிப்பனை இந்த வருஷமும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அந்தப் புறாவுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. (ரிப்பனைச் சிரிக்கிற பெரியவர்கள், தேர்தலில் வேட்புமனு கொடுக்க நல்ல நேரம் பார்க்கிறவர்களையும் சேர்த்துச் சிரித்தால் நியாயமாக இருக்கும்.)

2008இல் விட்சன், காலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 'எதுவும் என் கையில் இல்லை' என்ற உணர்வை மனிதர்களிடம் உண்டாக்கிவிட்டு, வெறும் புள்ளிக் கலங்கலான படங்களைக் காட்டினால் அதில் இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொல்கிறார்கள். கட்டுப்பாடு போன இடத்தில் மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெண் பிள்ளைகளின் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

ஒரு கயிறு, ஒரு ரெய்டு

நாங்குநேரி தாண்டி ஒரு ஊர்க் கொடைக்கு நடந்த பெண்கள் மின்னொளி கபடி. பிளஸ் ஒன் படிக்கிற ஒரு ரெய்டர் பிள்ளை. கபடியில் நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் ஆபரணம் எதுவும் இருக்கக் கூடாது, அடுத்தவருக்குக் காயம் படும். களத்துக்குள் விடும் முன் நடுவர் வரிசையாகக் கையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கயித்தக் கழத்திட்டு வாம்மா."

"சார், அம்மா ஏசுவா."

"ரூல்ஸும்மா. கழத்து."

முடிச்சு இறுகிப் போயிருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை, "ஏட்டி, கையக் காட்டு" என்று நகவெட்டியால் நறுக்கி எடுத்தது. அந்தக் கயிறு இசக்கியம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டியது. முதல் ரெய்டில் அவள், ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனைக்கூடத் தாண்டாமல் திரும்பினாள், அதற்கே அவுட். அடுத்த தடவை பாட்டு பாதியில் நின்றது. பாதி நேரத்துக்குப் பிறகு ஒருவழியாக நிதானத்துக்கு வந்து நான்கு பாயின்ட் எடுத்தாள், அப்போதும் கையில் கயிறு கிடையாது. ஆனால் மேட்ச் முடிந்து வேன் ஏறும்போது அணி முழுக்கப் பேசிக்கொண்டு போனது அந்த முதல் ரெய்டைப் பற்றி. நான்கு பாயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சகுனம் இப்படித்தான் உயிர் பிழைக்கிறது. ஒத்துப்போனது நினைவில் நிற்கும், ஒத்துப்போகாதது கழிந்துவிடும். அதோடு இன்னொன்றும் இதில் தெரிகிறது: அவள் தைரியத்தின் சாவி அவள் கையில் இல்லை, நடுவரின் கையில் இருந்தது.

எல்லாமே மூடநம்பிக்கை இல்லை

இங்கேதான் பெரும்பாலும் குழப்பிக்கொள்கிறோம். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நான்கு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. முன்தயாரிப்பு, அதாவது ரொட்டீன். வாலிபாலில் விசில் அடித்த 8 விநாடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். அந்த எட்டு விநாடியில் பந்தை மூன்று தடவை தட்டி, ஒரு மூச்சை நீளமாக விட்டு, போட வேண்டிய இடத்தைப் பார்த்துப் போடுவது. செரீனா வில்லியம்ஸ் முதல் சர்வீஸுக்கு முன் பந்தை ஐந்து தடவையும் இரண்டாவதுக்கு இரண்டு தடவையும் தட்டுவார் என்பது டென்னிஸ் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. எண்ணிக்கையில் மகிமை இல்லை. கண், கை, மூச்சு மூன்றையும் ஒரு வேலைக்குக் கூட்டி வருவதுதான் பலன்.

2. பிரார்த்தனை. ஜெமிமா சொன்ன வசனம் இந்த வகை. 'இதைச் சொன்னால் ரன் வரும்' என்ற கணக்கு அதில் இல்லை. முடிவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு இந்தப் பந்தை மட்டும் பார்க்கிறேன் என்ற ஏற்பாடு அது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது மனப்பதற்றத்தின் அந்த 'தோத்துட்டா?' ஓட்டத்தை நிறுத்தித் தரும். எங்கே நின்றாலும், கையில் எதுவும் இல்லாவிட்டாலும் செய்யலாம். டீக்கடையின் இரண்டாவது கேள்விக்கு இது பதில்: வசனம் ரன் எடுக்காது, ரன் எடுக்கிறவளை நிற்க வைக்கும்.

3. சகுனம். பூனை குறுக்கே போனது, கிளம்பும்போது யாரோ 'எங்க போற?' என்று கேட்டது, ஒற்றைத் தும்மல், பல்லி சொன்னது, ராகு காலத்தில் வேன் கிளம்பியது. இதில் அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, நடந்ததை ஏற்றுக்கொண்டு மனம் உடைவது மட்டும்தான். ராசியான பொருளும் இந்தப் பக்கத்தில்தான் வரும், ஏனென்றால் அது தொலையலாம், அறுபடலாம், நடுவர் கழற்றச் சொல்லலாம்.

4. நோய். செய்யாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம், ஒரு தடவை செய்து மனசு ஆறாமல் பத்துத் தடவை ஷூ லேஸைக் கட்டி அவிழ்ப்பது, விளையாட்டுக்கு வெளியேயும் கதவு, சுவிட்சு, கை கழுவுதல் என்று பரவுவது. இது சகுனம் இல்லை, ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். இதற்கு மருத்துவம் இருக்கிறது. திட்டினால் கூடும்.

ஒரே பழக்கம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் என்பதால் பழக்கத்தைப் பார்க்காமல் அது தடைப்பட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பந்தைத் தட்ட மறந்துவிட்டால் 'சரி போ' என்று ஆட முடிகிறதா? அப்படியானால் ரொட்டீன்.

சரி, பலன் உண்டா இல்லையா

2010இல் ஜெர்மனியில் ஒரு சோதனை செய்தார்கள். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டச் சொல்லி, ஒரு பிரிவினரிடம் 'இது ராசியான பந்து' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் போட்டார்கள். இது உலகம் முழுக்கச் செய்தியானது, இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2014இல் அமெரிக்காவில் இன்னும் அதிகப் பேரை வைத்து அதையே திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. இந்த இரண்டாம் பாதி வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

சடங்கின் நிலை கொஞ்சம் தேவலை. ஆலிசன் வுட் ப்ரூக்ஸும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், அந்நியர் முன்னால் பாட வேண்டியவர்களுக்கு ஒரு சின்னச் சடங்கைச் செய்யச் சொன்னார்கள். செய்தவர்களின் பதற்றம் குறைந்திருந்தது, நன்றாகவும் பாடினார்கள். அந்தச் சடங்கு சாமியோடு தொடர்பே இல்லாதது, ஆய்வாளர்களே அப்போதைக்கு உண்டாக்கியது. அதாவது மகிமை பொருளில் இல்லை, ஒழுங்கில். அதே ப்ரூக்ஸ் 2014இல் காட்டிய இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பிடிக்கும்: படபடப்பை அடக்கு, அமைதியாக இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைவிட 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். உடம்பைப் பொறுத்தவரை உற்சாகமும் பதற்றமும் ஒரே துடிப்புதான், பெயரை மாற்றுவது துடிப்பை நிறுத்துவதைவிட எளிது. எல்லைக் கோட்டில் நின்று "பதறாத, பதறாத" என்று கத்துகிற கோச்சுகள் இதை யோசிக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் கூடுதல்

போட்டிப் பதற்றத்தை அளந்த ஆய்வுகளில் பெண்களின் அளவு பொதுவாக ஆண்களைவிடக் கூடுதலாகவும் தன்னம்பிக்கை அளவு குறைவாகவும் வருகிறது. 'பொம்பளப் பிள்ளைக மனசு அப்படி' என்று முடிப்பது சோம்பேறித்தனம். தங்களுக்குப் பதற்றம் உண்டு என்று ஆண்கள் ஒப்புக்கொள்வதில்லை என்பது ஒரு பகுதி. மீதிக்கு மாலினோவ்ஸ்கியின் கடலுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒரு பெண் பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையில் அவள் கைக்குள் இருப்பது எவ்வளவு?

அடுத்த வருஷமும் ஆட விடுவார்களா என்பது அவள் கையில் இல்லை. பையன் தோற்றால் 'அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்'. பிள்ளை தோற்றால் 'போதும், படிக்கிற வேலையப் பாரு'. அதாவது பையன் ஒரு மேட்ச் ஆடுகிறான், அவள் ஒவ்வொரு மேட்சிலும் அடுத்த மேட்சுக்கான அனுமதியையும் சேர்த்து ஆடுகிறாள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் விடுவதற்கே அந்தச் சர்டிபிகேட்தான் காரணம் என்கிற குடும்பங்களில், மாநில அளவில் ஒரு இடம் தவறுவது ஒரு வேலை தவறுவதாகவே அவள் தலையில் இறங்கும். போதாக்குறைக்கு டிரஸ்ஸைப் பற்றிய பேச்சு, கறுத்துப் போய்விட்டாய் என்ற பேச்சு, ராத்திரி மேட்சுக்குத் துணைக்கு யார் போவது என்ற பேச்சு. எடை வரம்பு வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவு இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டு 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டதைப் பார்த்தோம். கபடியிலும் எடை வரம்பு உண்டு, எடை பார்க்கிற காலையில் வெறும் வயிற்றோடு நிற்கிற பிள்ளைகளும் உண்டு.

இத்தனையும் கைக்கு வெளியே இருக்கும்போது, கைக்குள் அடங்குகிற ஒரே பொருளாக அந்தக் கயிறு இருக்கிறது.

இதில் யாரும் அதிகம் பேசாத முடிச்சு ஒன்று. பிள்ளைக்குத் துணையாக வீடு கொடுக்கிற கயிறு, திருநீறு, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுக் கிளம்புதல் எல்லாவற்றையும் மாதத்தில் நான்கைந்து நாள் அதே வீடு திரும்ப வாங்கிக்கொள்கிறது. தீட்டு. பூஜையறைக்குள் வராதே, திருநீறு பூசாதே, கயிற்றைக் கழற்றி வை. மேட்ச் அந்த நாளில் விழுந்தால் என்ன ஆகும்? 'இது இருந்தால்தான் ஜெயிப்பாய்' என்று சொல்லி வளர்த்த பிள்ளையை அது இல்லாமல் அனுப்புகிறோம், கூடவே 'சுத்தமா இல்லை' என்ற உறுத்தலையும் கட்டி அனுப்புகிறோம். அவள் அண்ணனின் கயிறு முப்பது நாளும் கையில் இருக்கும். ஆண், பெண் பதற்றக் கணக்கில் இந்த நான்கைந்து நாளை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவத்தில் காரணம் கிடையாது. வலி அதிகம் என்றால் ஓய்வு, அவ்வளவுதான். ஆனால் தேதியைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் தானாக ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடுவது நடக்கிறது. ரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

இன்னொரு விஷயம், இது மனசே இல்லை, ரத்தம். 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ரத்தசோகையின் அடையாளங்கள் என்ன? படபடப்பு, மூச்சு வாங்குதல், சீக்கிரம் களைத்தல், தலைச்சுற்றல். இதையே பதற்றம் என்று வைத்துக்கொண்டு கோயிலுக்கும் மந்திரிப்புக்கும் அலைகிற பிள்ளைக்குத் தேவை இரும்புச்சத்தாக இருக்கலாம். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும்.

மைதானத்தில் என்ன செய்யலாம்

1. கயிற்றை அறுத்துப் பகுத்தறிவு சொல்லித் தராதீர்கள். ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடம் காலியாக இருக்காது, அடுத்த சகுனம் வந்து உட்காரும். முதலில் வேறொன்றைக் கொடுங்கள், அதுவும் யாராலும் பறிக்க முடியாததாக: ஒரு நீளமான மூச்சு, ஒரு கை அசைவு, ஒரு வார்த்தை. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு இறங்கும். கபடிப் பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டே பாடுவதுதானே அவர்கள் தொழில். ரெய்டுக்கு முன்னால் களத்துக்கு வெளியே இரண்டு தடவை மெல்லப் பாடிப் பார்ப்பதையே ரொட்டீனாக வைத்துவிடலாம்.

2. அந்த ரொட்டீனைப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும், மேட்ச் அன்று புதிதாகச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் இன்னொரு கயிறாகிவிடும். விதிப்படி கழற்ற வேண்டியதை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் பயிற்சிக்கே வர வேண்டும் என்று வைத்தால் நடுவர் கேட்கும் நாளில் அதிர்ச்சி இருக்காது.

3. தெரிந்துகொள்ளக்கூடியதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்கு மேட்ச், யாரோடு, டிரஸ் மாற்ற எந்த வீடு, கழிப்பறை எங்கே, திரும்பும்போது வேன் எத்தனை மணிக்கு ஊர் சேரும். பாதிப் பதற்றம் இங்கேயே இறங்கும். செலவும் இல்லை.

4. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை.

5. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அது மேட்ச் பதற்றம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேரில் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'பைத்தியத்துக்குக் காட்டுற இடம்' என்று வீட்டில் சொன்னால், முட்டிக்கு எலும்பு டாக்டரைப் பார்த்த சீட்டைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

அம்மாக்களிடம் பேசுவதுதான் கடினம், அதே சமயம் அதிகம் பலிப்பதும் அதுதான். பிள்ளையின் கையில் கட்டுகிற கயிற்றை அவள் பையின் வாரில் கட்டிவிடச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அம்மன் துணைக்கு வந்த மாதிரியும் ஆச்சு, நடுவர் கழற்றச் சொல்லவும் மாட்டார். அந்த நான்கைந்து நாளில் பையைத் தொடலாமா என்று அவர்கள் அடுத்ததாகக் கேட்பார்கள். பைக்குள்தான் அவளுடைய தண்ணீர் பாட்டிலும் நாப்கினும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.